தோள்சீலை நிறுவல்: வேலைக் குறிப்புகள்

ஜூன் 3, நாகர்கோவில்
தோள்சீலை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் போடுவதற்காகப் போராடிய மேல்துணி. அதைப் பற்றிக் கலை நிறுவல் (இன்ஸ்டலேஷன்) என்றாலே வெள்ளைத் துணியை உத்தரத்திலிருந்து நீளமாகத் தொங்கவிடுகிறார்கள். பத்தடி உயரத்தில் தொங்கினால் அது கொடிதான். பெண்களின் தோள் உயரம் நாலடி சொச்சம். துணி அங்கிருந்து விழ வேண்டும். பார்ப்பவர் அண்ணாந்து பார்க்கும்படி ஆனால் பாதி விஷயம் போயிற்று.

எல்லாத் துணியும் ஒரே வெள்ளையாக இருப்பது அடுத்த கோளாறு. சண்டையே எந்தத் துணி, அதை எப்படிப் போடுவது என்பதில் நடந்தது. 1829 திருவிதாங்கூர் அரசாணை குப்பாயத்தை, அதாவது தைத்த மேல்சட்டையை, விட்டுவைத்துத் தோள்சீலையைத் தடுத்தது. 1859 ஜூலை 26 அறிவிப்பு மார்பை மறைக்க விட்டது. மீனவரான முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி கட்டிக்கொள்ளலாம் என்றது. மேல்சாதிப் பெண்கள் போடுகிற விதத்தில் மட்டும் கூடாது என்றது. மானத்தைக் கொடுத்துவிட்டு மடிப்பைக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே மூன்று வகை வேண்டும்: தைத்த குப்பாயம், முரட்டுக் காடா, மெல்லிய மல்.

ஜூன் 5
காடாவை வெட்டுமுன் நனைக்க வேண்டும். மீட்டருக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் சுருங்கும். நாலு மீட்டர் வேண்டுமானால் நாலரை வாங்குவது நல்லது. ராத்திரி முழுக்க ஊறவைத்து, மறுநாள் சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, நிறைய தண்ணீரில் அலச வேண்டும். கஞ்சிப்பசை மிச்சமிருந்தால் இந்தச் சாரல் காலத்தில் பத்து நாளுக்குள் பூஞ்சணம் வரும், வெள்ளிப்பூச்சியும் வரும். நீலம் போடவே கூடாது. காடாவின் பழுப்புதான் மல்லின் வெண்மையை எடுத்துக் காட்டும்.

ஜூன் 9
தொங்கவிட 14 அங்குல மரக்கட்டை, தோளகலம். மேல் விளிம்பை உருட்டி இழைக்க வேண்டும். கூர்விளிம்பில் துணி மடிந்தால் ஜவுளிக்கடை ஹேங்கர் ஆகிவிடும். பொம்மைக்கு உடுத்துவது அதைவிட மோசம். பச்சை மரத்தின் சாறு துணியில் கறை ஏற்றும்; நன்றாகக் காய்ந்த கட்டை, மேலே வார்னிஷ் இரண்டு பூச்சு. ஒற்றைக் கம்பியில் கட்டினால் கட்டை சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டு முனையிலும் கம்பி வேண்டும். கம்பியும் கொக்கியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உப்புக்காற்றில் ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்பை) நம்ப முடியாது. துருக்கறை துணியில் இறங்கினால் போகவே போகாது.

துணிகளுக்கு இடையே மூன்றடி வழி, சக்கர நாற்காலி போகும் அளவுக்கு. மல் காற்றில் பறக்கிறதென்று ஓரத்தில் எடை தைக்கிறார்கள். அது விழும் விதமே மாறிப்போகும். மின்விசிறியை நிறுத்துவதுதான் வழி.

ஜூன் 10
ஹாலஜன் விளக்கு வேண்டாம். சூட்டில் துணி பற்றும். எல்.இ.டி., அதுவும் துணியிலிருந்து ஒன்றரை அடி தள்ளி.

ஜூன் 14
பெங்களூர்க் கலைஞர் ஷீலா கௌடாவின் 2009 நிறுவலில் தலைமயிரில் திரித்த சுமார் நாலாயிரம் மீட்டர் கயிறு, கார் பம்பர்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. பெங்களூரில் கண்ணேறு படாமல் வண்டியில் கட்டும் அதே கயிறு. அங்கே பொருள் தன் வேலையை விடவில்லை: இழுக்கிறது, தாங்குகிறது. இங்கே துணியும் அப்படித் தன் வேலையைச் செய்ய வேண்டும். ‘தொடாதீர்கள்’ பலகை வைத்தால் காடாவுக்கும் மல்லுக்கும் உள்ள வித்தியாசம் யாருக்குத் தெரியும்? தொடுவதற்கென்று ஒவ்வொன்றிலும் ஒரு முழம் தனியாகத் தொங்கட்டும். அழுக்கேறும், மாற்று நாலு செட் வைத்துக்கொள்ளலாம்.

ஜூன் 17
விளக்கப் பலகையில் ‘முலைவரி’ வேண்டாம். அந்த வரி கேட்டு வந்தவர்களிடம் தன் மார்பை அறுத்துக் கொடுத்தாள் என்கிற நாங்கேலி கதை, கேரளத்தின் சேர்த்தலையில் வாய்மொழியாக வழங்குவது. தோள்சீலைப் போராட்டத்தோடு அதைக் குழப்பி எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குக் கூட்டம் வரும்தான். ஆனால் இந்தப் பக்கத்துக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் பெண்கள் கேட்டது என்ன என்பது மறைந்துபோகும்.

பழைய ஆவணங்களில் உள்ள சாதிப்பெயரை அப்படியே போடுவதா? மேற்கோள் குறிக்குள் ஒரே ஒரு முறை, ஆண்டோடு. நம் சொந்த வாக்கியங்களில் நாடார். ‘பாவப்பட்ட பெண்கள்’ என்று முதல் வரைவில் இருந்தது, அடித்தாயிற்று. தடையை மீறிப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள் அவர்கள்.

ஜூன் 18
பலகை எழுத்து 24 புள்ளி, தரையிலிருந்து 140 சென்டிமீட்டர். குப்பாயத்தின் கை இன்னும் தைத்து வரவில்லை.