மோட்டாரை இன்னும் கீழே இறக்கும் முன்

2018 பிப்ரவரி 1 முதல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் வறட்சியால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் குழாய்த் தண்ணீர்தான் என்று ஆனதும், வீட்டுக்கு வீடு நிலத்தடி நீரைத் தேட ஆரம்பித்தார்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ரைலண்ட்ஸ் பகுதி, கேப் ஃபிளாட்ஸ் என்னும் மணல் சமவெளிமேல் இருக்கிறது. இங்கே சல்லடைக் குழாயை மணலில் இறக்கி, மேலே உறிஞ்சு பம்ப் வைத்தால் போதும். ஆனால் அந்தப் பம்ப் 7 மீட்டர் அளவுக்குத்தான் உறிஞ்சும். குளிர்கால மழை பொய்த்து மட்டம் அதற்குக் கீழே போனால் காற்றை இழுக்கும். பம்ப் பழுது என்று மாற்றுகிறவர்கள் அதிகம், பாவம்.

பாறையில் போட்ட போர் (ஆழ்துளைக் கிணறு) வேறு சங்கதி. பாறைக்குள் வெடிப்புகளில்தான் தண்ணீர். வறட்சியில் மழைநீர் இறங்குவது குறைகிறது, இறைப்பதோ கூடுகிறது. மட்டம் இறங்கியதும் எல்லோரும் கேட்பது, "மோட்டாரை இன்னும் இறக்கலாமா?" பெரும்பாலும் அதுதான் போரைக் கெடுக்கிறது. முக்கிய ஊற்று, அதாவது தண்ணீர் வரும் வெடிப்பு, 42 மீட்டரில் இருக்கிறது, மோட்டாரை 60-க்கு இறக்கி இறைக்கிறோம் என்று வையுங்கள். ஊற்றுக் கண்ணில் காற்றுப் படும். கரைந்திருந்த இரும்பு துருவாகப் படியும், இரும்பு பாக்டீரியா வழவழவென்று வளர்ந்து கண்ணை அடைக்கும். பிறகு மழை பெய்தாலும் பழைய வரத்து வராது. கேப்டவுனுக்கு வடக்கே உள்ள அட்லாண்டிஸ் ஊரின் நீர்க்கிணறுகளில் 1990-களில் இதே அடைப்பு வந்தது.

போரின் வாயில் காதை வையுங்கள். உள்ளே சளசளவென்று தண்ணீர் விழுந்தால் மட்டம் ஊற்றுக்குக் கீழே போய்விட்டது. அந்த நேரத்தில், உள்ளே இறக்கி நீர்மட்டம் அளக்கும் மட்டமானியும் ஏமாற்றும்; விழும் துளி பட்டாலே பீப் அடிக்கும். அதனால் மோட்டார் குழாயோடு 25 மில்லிமீட்டர் தனிக் குழாய் ஒன்றை இறக்கி, அதற்குள் அளப்பதுதான் சரி. மட்டமானி மோட்டார் கேபிளில் சிக்கவும் செய்யாது.

இராத்திரி முழுக்க மோட்டாரை நிறுத்தி, காலையில் இறைக்கும் முன் அளந்து எழுதுங்கள். வாரம் ஒரு தடவை, அதே நேரத்தில். முதன்முதலில் எழுதிய மட்டத்துக்கு அது ஏறி வரவில்லையென்றால் வரத்தைவிட அதிகம் எடுக்கிறோம். அப்போது வால்வைச் சுருக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெடுநேரம் இறையுங்கள். மட்டம் ஊற்றுக்கு 2, 3 மீட்டர் மேலே இருக்கும்போதே மோட்டார் தானாக நிற்கும்படி, நீர்மட்டத்தை உணரும் எலெக்ட்ரோடு வையுங்கள்.

மழை வந்ததும் வால்வை முழுதாகத் திறக்க வேண்டாம். அணை நிரம்பிய சேதி வந்தாலும் பாறைக்குள் தண்ணீர் ஊறிச் சேர இன்னும் மாதக்கணக்கில் ஆகலாம். காலை அளவு பழைய இடத்துக்கு வரும்வரை சுருக்கியே வையுங்கள்.