மதுரைக் கால்

1842-இல் மதுரையில் கில் என்ற மருத்துவர் பதிவு செய்த நோய் இது. இன்றும் ஒழியவில்லை. வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவருக்கு முள் குத்தும். அந்த வழியாக மண்ணிலுள்ள கிருமி உள்ளே போகும். அப்புறம் மாதக்கணக்கில் கால் மெல்ல வீங்கும். பெரும்பாலும் வலிக்காது, அதனாலேயே யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. பிறகு அங்கங்கே துளை விழுந்து, சீழோடு பொடிப்பொடியாகக் குருணை வரும். கறுப்பு என்றால் பூஞ்சை, சிவப்பு என்றால் பாக்டீரியா. வெள்ளை எதுவாகவும் இருக்கலாம். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாடிக்கிலேயே பெரும்பாலும் குணமாகும். பூஞ்சைக்கு நீண்ட கால மாத்திரை, அறுவை சிகிச்சை; முற்றினால் காலையே எடுக்க நேரிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களில் சேர்த்தது. இத்தனை வருடம் கழித்து! எனக்கு மனசு ஆறவில்லை. வயல்வேலை செய்கிறவர் காலில் வலிக்காத வீக்கம் தெரிந்தால், தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.