ஒமேகாவை இப்படியா வீணடிப்பாங்க?

டாக்டர்னு ஒருத்தர் காலம் தாண்டிப் பயணம் போற பிரிட்டிஷ் டிவி சீரியல் 'டாக்டர் ஹூ'. அதோட 2025 சீசன் கடைசி எபிசோடுக்கு பெரம்பூர், வியாசர்பாடி கூட்டாளிங்க ரெண்டு கட்சியா அடிச்சுக்கிறாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குபா.

ஒமேகா பழைய வில்லன். 1973-ல வந்த கதையில அவன் முகமூடியைக் கழட்டினா உள்ள ஆளே இருக்காது, வெறும் வைராக்கியம்தான். பயமே அங்கதான். இதுல எலும்பு பூதமா வந்து 'ராணி'ங்கற வில்லியை முழுங்கிட்டு, டாக்டர் சுட்டதும் வந்த வழியே போயிடுச்சு. ராணியா நடிக்க ஆர்ச்சி பஞ்சாபியைக் கூட்டிட்டு வந்து இப்படியா!

ஆனா பாப்பிங்கற குழந்தையோட குட்டி கோட்டு சீன் செம. டாக்டரும் அவர்கூட பயணம் போற பெலிண்டாவும் பேசிக்கிட்டே மாத்தி மாத்தி மடிக்க, அது சுருங்கிச் சுருங்கி காணாமலே போயிடுது. குழந்தை ஞாபகமும் கூடவே போச்சு. அப்புறம் பெலிண்டாவோட முந்தின கதையையே எழுதினவங்க மாத்திட்டதுதான் ஒட்டல.

கடைசில டாக்டர் உருமாறி நடிகை பில்லி பைப்பர் முகத்தோட வர்றாரு. டைட்டில்ல அவங்களுக்கு 'அறிமுகம்'னு மட்டும் போட்டாங்க, 'டாக்டராக'ன்னு போடல. 2005-லயே இதே சீரியல்ல ரோஸ்ங்கற கேரக்டரா வந்தவங்களுக்கு அறிமுகமாம்!