வாசலில் எத்தனை படி?

உங்கள் ஊர் வீட்டு வாசலில் எத்தனை படி? அரிசி எந்த மூலையில் இருக்கும்? வரிசையில் மூன்றாவது வீடு யாருடையது? என்னைக் கேட்டால் பாட்டி வீட்டுப் படிக்கணக்கே தப்பாகத்தான் வரும். சான்பிரான்சிஸ்கோ பக்கத்து ஏஞ்சல் தீவில் அந்தக் காலத்தில் வந்திறங்கிய சீனர்களை அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் இப்படித்தான் கேட்டார்கள், பதில் தப்பானால் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பாவைத் தனியாக, மகனைத் தனியாக விசாரிப்பார்கள், இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போக வேண்டும்.

சீனத் தொழிலாளர்கள் வரவே கூடாது என்று அமெரிக்கா 1882-ல் போட்ட சட்டத்தை 1943-ல்தான் நீக்கினார்கள். வணிகர், மாணவர் போன்ற சிலருக்கும், அமெரிக்காவில் பிறந்த குடிமக்களின் பிள்ளைகளுக்கும்தான் வழி இருந்தது. 1906 சான்பிரான்சிஸ்கோ பூகம்பத் தீயில் ஊர்ப் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோனதும் 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று பலர் சொல்லிக்கொண்டார்கள், அப்புறம் அவர்களுக்கு இல்லாத மகன்களின் பெயரில் காகிதம் வாங்கிக்கொண்டு பையன்கள் கப்பலேறினார்கள். காகித மகன்கள் என்றே பெயர். பொய்தான், சரி, உண்மையைச் சொன்னால் கதவே திறக்காதே! சொந்த மகன்களும் இதே படிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள்.

1910 முதல் 1940 வரை, வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில், ஏஞ்சல் தீவில் அடைபட்டுக் கிடந்தவர்கள் மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள். 200-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. பழைய சீன யாப்பு, வரிக்கு ஐந்து அல்லது ஏழு எழுத்து, பெரும்பாலும் பெயரில்லை. மொழிபெயர்ப்பில்தான் படித்தேன், எல்லாமே நல்ல கவிதை என்று சொல்ல மாட்டேன், ஒரே புலம்பலாகப் போகிறவையும் உண்டு. ஆனால் இனவெறி பற்றிய நாவல்களில் அடி வாங்குகிறவரைப் பொறுமைசாலியாக, தங்கமான மனிதராகக் காட்டினால்தான் நமக்கு இரக்கம் வரும் என்று எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்களே, அந்தச் சங்கடம் இவர்களுக்குக் கிடையாது. திட்டுகிறார்கள். ஒருநாள் பழி வாங்குவோம் என்கிறார்கள். சொந்த நாடு பலவீனமாகக் கிடப்பதையும் விட்டுவைக்கவில்லை. பழங்காலச் சீனாவில் சிறையிலிருந்த சோ வம்சத்து வென் மன்னரைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்கள்.

அதிகாரிகள் சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தார்கள். அந்தப் பூச்சே மரத்தைக் காத்தது என்பதுதான் வேடிக்கை. கட்டடத்தை இடிக்க இருந்த நேரத்தில், 1970-ல், அலெக்சாண்டர் வைஸ் என்ற பூங்காக் காவலர் கண்ணில் அந்த எழுத்துகள் பட்டன.

அவர் பார்த்தது ஆண்கள் இருந்த கட்டடம். பெண்கள் பக்கச் சுவர்களிலும் கவிதைகள் இருந்ததாக அங்கே இருந்தவர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1940-ல் நிர்வாகக் கட்டடம் எரிந்தபோது அந்தச் சுவர்களும் போயின. அவர்கள் எழுதியதில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.