விளையாட்டு உதவித்தொகை வாங்கிய அனுபவம்

என் மகள் 200 மீட்டர் ஓடுகிறாள். அவளுக்காக அரசின் பயிற்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள், மறுமுறை கிடைத்தது. அடுத்து விண்ணப்பிக்கப் போகிற பெற்றோருக்காக எழுதுகிறேன்.

பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று எல்லாம் சீக்கிரம் சேர்ந்துவிட்டன. சிக்கல் ஓடிய நேரத்தில் வந்தது. அவள் வென்ற போட்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்டாப்வாட்ச்சில்தான் நேரம் எடுத்திருந்தார்கள். துப்பாக்கிப் புகையைப் பார்த்து விரல் அழுத்துவதற்குள் ஒரு கணம் போய்விடும். முடிவுக்கோட்டிலோ, ஓடி வருபவரை முன்கூட்டியே பார்த்துவிடுவதால் அந்தத் தாமதம் இருக்காது. ஆக, கையால் எடுத்த நேரம் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும். 200 மீட்டருக்கு 0.24 நொடி கூட்டித்தான் ஒப்பிடுவது வழக்கம். 25.1 என்று ஓடியது 25.34 ஆகிவிடும். பட்டியலில் அது பெரிய இறக்கம். அப்புறம் காற்று. பின்னாலிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் அந்த நேரம் சாதனைக் கணக்கில் சேராது. எங்கள் முடிவுத்தாள்களில் காற்றளவே குறித்திருக்கவில்லை.

எலக்ட்ரானிக் டைமிங் உள்ள போட்டிகளாகப் பார்த்து, வெகுதூரம் கூட்டிப்போய் ஓட வைத்தார் பயிற்சியாளர். அந்த முடிவுகளை வைத்துத்தான் உதவித்தொகை கிடைத்தது. ஆனாலும் மனது ஆறவில்லை. உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைகள் ஓடுவது சின்னப் போட்டிகளில்தான். அங்கேதான் கருவி இல்லை. உதவித்தொகையை உயர்த்துவதற்கு முன்னால், நேரக் கருவியையும் காற்றுமானியையும் அந்த மைதானங்களுக்கு அரசு அனுப்ப வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். எத்தனை பிள்ளைகளின் நல்ல ஓட்டம் கணக்கிலேயே வராமல் போகிறது!

ஊக்கமருந்து உறுதிமொழியைப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். யுனெஸ்கோவின் 2005 உடன்படிக்கையில் சேர்ந்த அரசுகள், ஊக்கமருந்து விதியை மீறித் தடைபெற்ற வீரருக்கு நிதியை நிறுத்த வேண்டும். என் மகளுக்கு மூச்சிழுப்பு உண்டு, இன்ஹேலர் பயன்படுத்துகிறாள். சால்பியூட்டமால் இன்ஹேலருக்கு 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம் வரை அனுமதி, அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600ஐத் தாண்டக் கூடாது. மூச்சிழுப்புக்கான இன்னொரு மருந்தான டெர்பியூட்டலின் என்றால் மருத்துவ விலக்குக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதும்போதே பிள்ளை போட்டிகளில் ஓடுகிறாள் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடையில் விற்கும் சத்துமாவு டப்பாக்களைப் பயிற்சியாளர் அடியோடு நிறுத்தச் சொன்னார். லேபிளில் இல்லாத பொருள் கலந்திருந்தாலும் பொறுப்பு ஓடுகிறவருடையதுதான்.

பணம் தவணையாக வருகிறது. முதல் தவணையின் ரசீதுகளைக் கொடுத்த பிறகுதான் அடுத்தது. ஸ்பைக்ஸ் என்ற ஆணி வைத்த ஓட்டக் காலணி, பயணம், பிசியோதெரபி எல்லாவற்றுக்கும் அவள் பெயரிலேயே ரசீது வாங்கினோம், கேள்வியே வரவில்லை. புதுப்பிக்கும்போதும் முடிவுத்தாள் கேட்பார்கள். போட்டி முடிந்த அன்றே காற்றளவோடு, நடுவர் கையெழுத்தோடு கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம்.