அச்சு வாங்குமுன் துப்பாக்கியை அளந்த கதை

பென்சில்வேனியாவில் குடியேறிய பிறகு காகித இலக்குச் சுடுதலில் எனக்கு ஈடுபாடு வந்தது. என்னிடம் இருப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 என்ற ரிவால்வர். 1899-இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் வெளிவந்து, 1957-இல் இந்த எண்ணைப் பெற்ற ஆறு அறைத் துப்பாக்கி அது; .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடும். வாரந்தோறும் நூறு தோட்டாக்களைக் கடையில் வாங்குவது கட்டுப்படியாகாததால், வெடித்து முடிந்த பித்தளைக் கூடுகளைச் சேர்த்து, குண்டை நானே ஈயத்தில் வார்ப்பதென்று முடிவு செய்தேன். சொந்தப் பயன்பாட்டுக்கு இப்படிச் செய்வதற்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமம் தேவையில்லை; விற்பதற்குத்தான் தேவை.

குண்டு வார்க்கும் முதல் அச்சை அவசரப்பட்டு வாங்கினேன். பெட்டியின் மேல் 0.358 அங்குலம் என்று அச்சிட்டிருந்தது, .38 ஸ்பெஷலுக்கு வழக்கமான அளவும் அதுவே என்பதால், வேறு எதையும் யோசிக்கவில்லை. இருபது பங்கு காரீயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்து வார்த்தேன். குண்டுகள் பார்ப்பதற்குப் பளபளப்பாக, விளிம்பு மழுங்காமல் விழுந்தன. ஆனால் ஐம்பது தோட்டா சுட்டபின் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, சிலிண்டரை, அதாவது தோட்டா அறைகள் உள்ள சுழல் உருளையை, அடுத்துள்ள முதல் ஓர் அங்குலத்தில், குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்களே தெரியாத அளவுக்கு ஈயம் அப்பியிருந்தது. பழைய வெண்கலத் தூரிகையில் செம்புக் கம்பி நாரைச் சுற்றித் தேய்த்தபோது, அது வெள்ளிச் சரிகைபோல் நீள நீளமாக உரிந்து வந்தது. அந்த ஒரு மாலை முழுவதும் அதற்கே போயிற்று.

எங்கள் சுடுதளத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குண்டு வார்க்கும் ஒரு முதியவர், நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “உன் சிலிண்டர் வாய்களை அளந்தாயா?” அளக்கவில்லை. குண்டு கூட்டை விட்டுக் கிளம்பியதும் முதலில் நுழைவது சிலிண்டர் அறையின் முன்பக்கத்து ஒடுங்கிய வாயில். அதன்பிறகே குழலுக்குள் போகிறது. குண்டு அந்த வாயைவிடச் சிறியதாக இருந்தால், வெடிமருந்து எரிந்த சூடான வாயு அதன் பக்கவாட்டில் பீறிட்டு, அடிவிளிம்பை அரித்து, உருகிய ஈயத்தைக் குழலின் தொடக்கத்தில் பூசிவிடுகிறது. ஈயம் மென்மையாக இருந்ததால்தான் ஒட்டியது என்று அதுவரை நம்பியிருந்தேன். அளவுதான் முதல் காரணம் என்பது அன்றுதான் புரிந்தது.

தூண்டிலில் கட்டும் மெத்தென்ற ஈயக்குண்டுகளை வாங்கி, எண்ணெய் தடவி, மரக்குச்சியால் ஆறு வாய்கள் வழியாகவும் ஒவ்வொன்றாகத் தட்டி வெளியேற்றி, மைக்ரோமீட்டரில் அளந்தேன். ஐந்து வாய்கள் 0.359 அங்குலம், ஒன்று மட்டும் அதைவிட அங்குலத்தின் ஆயிரத்தில் அரைப் பங்கு அகலம். என் அச்சில் விழுந்த குண்டோ 0.357 தான். அதில் என் பிழையும் உண்டு. ஈயத்தைக் கடினமாக்கும் ஆன்டிமனி என்ற தனிமம் இல்லாத கலவை ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. குழலையும் அளக்க முயன்றேன்; இந்த வகைத் துப்பாக்கியில் ஐந்து பள்ளங்கள் இருப்பதால் ஒரு பள்ளத்துக்கு நேரெதிரே இன்னொரு பள்ளம் வராது, சாதாரண மைக்ரோமீட்டர் அங்கே உதவாது. வாயின் அளவு கையில் இருந்ததால் அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

அதன்பிறகு அச்சைத் தேர்ந்தெடுப்பது எளிதாயிற்று. எடையைத் துப்பாக்கியே தீர்மானித்தது. மாடல் 10-இன் குறிபார்க்கும் முனை நகராதது, இத்தகைய .38 ரிவால்வர்கள் பொதுவாக 158 கிரெயின் (குண்டை எடைபோடும் சிறு அலகு) குண்டுக்கே இசைவாக்கப்பட்டவை. கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் தங்குவதால், துப்பாக்கி உதைத்து மேலெழும் இடைவெளியில் அது உயரே போய்விடும். இலேசான குண்டு தாழப் பாயும். லைமனின் புகழ்பெற்ற 358429 அச்சு ஏறத்தாழ 170 கிரெயின் எடையில் வார்ப்பதால், ஆசை இருந்தும் அதைத் தள்ளிவைத்தேன். வடிவத்தில், தோள் விளிம்பு கூர்மையான அரைத்தட்டை முனையே எனக்கு வேண்டும்: காகிதத்தில் வட்டமாக, பிசிறில்லாத துளை விழும், மதிப்பெண் எண்ணுவதில் தகராறு வராது. சூடான வாயு அரிக்காமலிருக்க அடியில் செம்புக் கிண்ணம் மாட்டும் வகையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை; இவ்வளவு மெதுவான தோட்டாவுக்கு அது வீண் செலவு.

உலோகத்தில்தான் தயங்கினேன். இரும்பு அச்சு தலைமுறைக்கும் உழைக்கும், ஆனால் துருப்பிடிக்கும், கையும் கடுக்கும். அலுமினிய அச்சு சீக்கிரம் சூடேறும், இலேசானது; முரட்டுத்தனமாகத் தட்டினால் மட்டும் விளிம்பு நசுங்கும். ஒரே தடவையில் ஆறு குண்டு வார்க்கும் ஆறு குழி அச்சு வேகமானது என்றாலும், கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு இரண்டு குழியே போதும் என்பது என் உறுதியான எண்ணம். அச்சின் மேல்தகட்டில் தேங்கும் ஈயம் எப்போது இறுகுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் பழக அதில்தான் நேரம் கிடைக்கும். கடைசியில், விட்டத்தையும் கலவையையும் நாம் குறிப்பிட்டால் அதற்கேற்பக் கடைந்து தரும் ஒரு பட்டறையில், 0.360 அங்குலம் விழும்படி இரண்டு குழி அலுமினிய அச்சுக்குச் சொல்லி வைத்தேன். வார்த்தபின் 0.359 வளையத்தில் அழுத்திச் சீராக்கிக்கொள்ளலாம். பெரிய குண்டைச் சிறிதாக்க வழி உண்டு, சிறியதைப் பெரிதாக்க நல்ல வழி இல்லை.

அச்சு வந்ததும் வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் அடுப்பை வைத்தேன். உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டு ஈரம் இறங்கினாலும் நீராவியாகி ஈயத்தையே மேலே வீசியடிக்கும் என்பதால், மழை மூட்டமான நாளில் நான் அதைத் தொடுவதே இல்லை. வார்க்கும்போது உடுத்தும் துணியைத் தனியாகவே துவைக்கிறேன், ஆண்டுக்கொரு முறை இரத்தத்தில் ஈய அளவும் பார்த்துக்கொள்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறது. இம்முறை வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் சேர்ந்த கலவை. முதல் பத்துக் குண்டுகள் சுருக்கம் விழுந்து கெட்டன, அச்சு சூடேறவில்லை. பதினோராவதை ஆறவிட்டு அளந்தேன்: 0.360. வளையத்தில் சீராக்கி, சிலிண்டர் வாயில் வைத்துப் பென்சில் முனையால் அழுத்தினேன். சற்றே தடுத்து, பிறகு வழுக்கி, கீழே விரித்திருந்த துண்டில் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை ஐம்பது தோட்டா சுட்டுவிட்டுக் குழலை வெளிச்சத்தில் பிடித்தேன். ஐந்து பள்ளங்களும் தொடக்கம் முதல் முனை வரை தெளிவாகத் தெரிந்தன.