ஏழாவது விலா

ஜூன் 4
மூக்கை மறுபடி ஆபரேஷன் செய்யத் தேதி கிடைத்துவிட்டது. 17.

ஜூன் 9
டாக்டர் மூக்குக்குள் சின்னக் குச்சி ஒன்றை விட்டு வலது மடலை லேசாகத் தூக்கிப் பிடித்தார். "இப்ப இழுங்க" என்றார். மூச்சு முழுசாக உள்ளே போனது. நான்கு வருஷத்துக்கு அப்புறம். அங்கேயே அழுதுவிட்டேன்.

முதல் ஆபரேஷனில் நுனியைச் சின்னதாக்குகிறேன் என்று அங்கிருந்த குருத்தெலும்பை அளவுக்கு மேல் வெட்டிவிட்டார்கள். தாங்க ஒன்றுமில்லாமல் மடல் உள்ளே விழுகிறது, நுனி கிள்ளிவிட்டதுபோல ஒடுங்கிக் கிடக்கிறது. இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் நடுத்தண்டிலிருந்து எடுக்கலாமென்றால் அதையும் அப்போதே எடுத்தாயிற்று. காதுக் குருத்தெலும்பு வளைவானது, மெத்தென்றிருக்கும்; மடலுக்கு ஆகும், நுனியைத் தாங்கும் தூணுக்குப் போதாதாம். அதனால் விலா. ஏழாவது.

ஜூன் 12
"இருக்கிற மூக்குக்கு என்னடி குறை?" அம்மா மறுபடியும். மூச்சுக்காகத்தான் என்றேன். அது பாதிதான் உண்மை. நுனியில் இடப்பக்கம் துருத்தும் அந்தப் புடைப்பும் போக வேண்டும் எனக்கு. இரண்டும் வேண்டும்.

ஜூன் 16
மூக்குத்தியைக் கழற்றினேன். துளை தூர்ந்துவிடுமோ?

ஜூன் 19
இருமினால் விலா. எழுந்தால் விலா. மூக்கு வலிக்கவே இல்லை.

ஜூன் 20
விலாக் குருத்தெலும்பு செதுக்கிய பிறகு வளையக்கூடும். எங்கோ படித்தது, இப்போது தூங்கவிடவில்லை. காலையில் டாக்டரிடம் கேட்டேன். நடுப்பகுதியாகப் பார்த்துச் செதுக்கி, உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, வளைகிறதா என்று பார்த்த பிறகே வைத்தோம் என்றார். சரி. அப்படியும் வளைந்தால்? மணி இரண்டு. அம்மா விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், பேசவில்லை.

ஜூன் 24
மூக்கை அசையாமல் பிடித்திருந்த ஸ்பிளின்ட் எடுத்தாயிற்று, இரண்டு துவாரத்துக்கும் நடுவில் இருந்த தையலும். நுனி வீங்கி மேலே பார்க்கிறது. அண்ணன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

நுனி வீக்கம்தான் கடைசியில் வடியுமாம். ஒரு வருஷம். இரண்டாம் முறை திறந்த மூக்குக்கு அதற்கு மேலும் ஆகலாம்.

ஜூன் 25
தும்மல் வந்தது. சொன்னபடி வாயைத் திறந்தே தும்மினேன். விலாவில் உயிர் போய் வந்தது.

ஜூலை 8
தொட்டால் நுனி கல்லாக இருக்கிறது. மூச்சை வேகமாக இழுத்துப் பார்த்தேன், மடல் விழவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தேன். அம்மா தலையில் வைத்திருந்த மல்லிகையை எடுத்து என் முகத்தருகே நீட்டினாள். "வருதா?"

வந்தது.

ஜூலை 9
துளையைப் பற்றிக் கேட்க மறந்தேபோனேன்.

ஜூலை 11
இடப்பக்கம் லேசாகச் சாய்ந்ததுபோலத் தெரிகிறது. ட்யூப்லைட் வெளிச்சமாக இருக்கலாம். காலையில் ஜன்னலோரம் நின்று பார்க்க வேண்டும்.